தலையில் வைத்த கை

"இடது தோள். தசைநார்க் கிழிவு ஸ்கேனில் தெரிகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டவும்."

என் தங்கை பேச்சியம்மாளின் கணவர் மந்திரமூர்த்திக்கு எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கித் தந்திருக்கிறேன். வலது மூலையில் தேதி இருக்க வேண்டும். அந்த இடத்தில் டீ சிந்தியிருக்கிறது. கண்ணாடி போட்டும் பார்த்தேன், வெயிலில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். மாதம் நான்காகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் மாம்பழ வண்டி நின்றதும், ஆபரேஷன் பேச்சுக்கு நடுவிலும் என் தங்கை அதில் பேரம் பேசியதும் நினைவிருப்பதால் நான்கு என்றே கொள்கிறேன்.

தேதி விஷயத்தில் நான் கறாராக இருப்பது சிலருக்கு எரிச்சல் என்று தெரியும். இந்தத் தொடரின் போன அத்தியாயத்தில் ஆற்றுப்பாலம் பற்றி எழுதியபோது ஆண்டு பிசகிவிட்டதாக மூன்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். மூவரும் ஆளுக்கு ஓர் ஆண்டு சொல்லியிருந்தார்கள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரம் பாலம் இல்லை. ஒரு வளைவு.

கால்வாய்ப் பாலத்து வளைவு

மந்திரமூர்த்தி தனியார் பேருந்து ஓட்டுநர். முக்கூடலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பல வருடங்களாக ஒரே வண்டி, ஒரே முதலாளி. அன்று காலை நான் அவருக்கு இடப்பக்கம், என்ஜின் மூடியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். வெந்த டீசல் வாசனையும், பக்கத்தில் ஒரு பெண்மணி மடியில் வைத்திருந்த வாழையிலைக் கட்டின் பச்சை வாசனையும் கலந்து வந்தன. வண்டி நிறையக் கல்லூரிப் பிள்ளைகள்.

பேட்டைக்கு முன்னால் கால்வாய்ப் பாலத்தில் ஒரு வளைவு உண்டு. அதற்குள் நுழையும்போது மந்திரமூர்த்தி கியரைக் குறைத்தார். கியரை விட்ட இடது கை மெல்ல மேலே போனது. போய், உச்சந்தலையில் உள்ளங்கை பதிய உட்கார்ந்துகொண்டது.

இலைக்கட்டுப் பெண்மணிதான் முதலில் பார்த்தார்.

"ஐயோ, டிரைவர் தலையில கைய வச்சிட்டாரே!"

அவ்வளவுதான். நம் ஊரில் ஒருவர் தலையில் கை வைப்பதற்கு ஒரே அர்த்தம்தான். எல்லாம் போச்சு. வீட்டில் சாவு, வயலில் வெள்ளம், பரீட்சையில் தோல்வி, எதுவானாலும் சரி. ஓடும் வண்டியில் ஓட்டுநர் வைத்தால் அது பிரேக்காகத்தானே இருக்க முடியும்?

"பிரேக் போயிட்டு! பிரேக் போயிட்டு!"

முன் இருக்கையில் பிறந்த செய்தி பின் இருக்கைக்குப் போவதற்குள் நன்றாக வளர்ந்திருந்தது. பின்னாலிருந்து ஒருவர் குலதெய்வத்தை ஊர்ப்பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார், வேறு தெய்வம் தப்பாக வந்துவிடாதபடிக்கு. ஒரு மாணவன் குதிக்கத் தயாராகிச் செருப்பைக் கழற்றினான். கண்டக்டர் காஜா, மேலப்பாளையத்துக்காரர், கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஏ, ஒண்ணுமில்லவே! எல்லாரும் இரிங்க! அவருக்குக் கை வலி!"

"கை வலிக்கு எவம்வே தலையப் பிடிப்பான்?" என்றார் ஒரு பெரியவர்.

நியாயமான கேள்வி. பின்னால் நான் புரட்டிய மருத்துவப் புத்தகங்களிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் அதைக் கேட்கவில்லை.

வண்டி வளைவைத் தாண்டி ஓரமாக நின்றது. பெரியவர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, திரும்பிப் பார்க்காமல் பேட்டையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். காஜா எவ்வளவு கூப்பிட்டும் ஏறவில்லை.

முதலாளி சொன்னது

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"மூர்த்தி, நீ தூங்கிட்டு ஓட்டுனாக்கூட சனம் சும்மா இருந்திரும்வே. தலையில கைய வச்சா ஒருத்தன் ஏறமாட்டான். ஆனித் தேர்த் திருவிழாவுக்குள்ள கையச் சரி பண்ணிட்டு வா. இல்லன்னா வேற ஆளத்தான் போடணும். என்னைத் தப்பா நெனைக்காத."

வலி பல மாதங்களாக இருந்தது. தோள்பட்டையில் தொடங்கி, மேற்கை வழியாக இறங்கி, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எறும்பு ஊர்வது போல முடியும். இரவில் தூக்கம் இல்லை. கியர் போட்டுப் போட்டுத் தோள் தேய்ந்துவிட்டது என்று ஊர் சொன்னது. எலும்பு டாக்டர் எடுக்கச் சொன்ன ஸ்கேனும், பார்த்தாயா, கிழிந்திருக்கிறது என்றது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பேச்சியம்மாள் பஞ்சாங்கம் பார்த்து அதை வளர்பிறைக்கு மாற்றி வாங்கினாள்.

சிக்கல் என்னவென்றால், ஆபரேஷன் செய்தால் கைக்குத் தொட்டில் கட்டி மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஆனித் தேர் போய்விடும், வண்டியும் போய்விடும். செய்யாவிட்டால் வலி போகாது. அப்போதும் வண்டி போய்விடும்.

"மச்சான், எந்தப் பக்கம் திரும்புனாலும் முட்டுச் சந்தா இருக்கு" என்றார் மந்திரமூர்த்தி என்னிடம். ஓட்டுநர் வாயிலிருந்து அது வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரே சோதித்த தோள்

டாக்டரிடம் போவதற்கு முன்பே அந்தத் தோளைப் பாதி முக்கூடல் சோதித்துவிட்டது. தோள்வலி என்று ஒருவர் சொன்னால் நம்மவர்களால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

டீக்கடையில் ஒருவர், "இடது கையத் தலைக்குப் பின்னால விட்டு வலது காதத் தொடு பாப்போம்" என்றார். தொட்டார். "அப்ப ஒண்ணுமில்ல, வாய்வு" என்றார் அவர். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் கையைப் பின்னுக்கு மடக்கிப் பார்த்தார். அது சோதனையா பழைய தொழில் நினைவா என்று தெரியவில்லை. இன்னொருவர் சிமெண்டு மூட்டையைத் தூக்கச் சொன்னார். அவர் வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. மூட்டை உள்ளே போய்ச் சேர்ந்ததும் தோளைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

சலூன் கதை தனி. முடிவெட்டி முடித்ததும் தாடையில் ஒரு கை, பின்தலையில் ஒரு கை வைத்து, வலப்பக்கம் ஒரு வெட்டு, இடப்பக்கம் ஒரு வெட்டு. மளுக், மளுக். அந்தச் சத்தம் வராவிட்டால் கொடுத்த காசுக்கு ஏதோ குறைந்தது போலிருக்கும். நானும் விவரம் தெரிந்த நாளாக அதற்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தவன்தான். மந்திரமூர்த்தி வலி வந்த பிறகு மாதம் ஒருமுறை வெட்டிய முடியை வாரம் ஒருமுறை வெட்டினார். தலையில் வெட்ட ஒன்றும் இல்லாமல் போனபோதும் போனார்.

அதே நாட்களில், பழைய புத்தகக் கடையில் உடல் பரிசோதனை முறைகள் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று எனக்குக் கிடைத்தது. கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் அத்தனை சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் அமுக்கிப் பார்த்த டாக்டரின் பெயர். நம் டீக்கடைக்காரர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

தட்டிவிட்ட கை

இதற்கிடையே வீட்டில் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. மந்திரமூர்த்தி சோற்றுக்கு உட்கார்ந்தால் இடது கை தலைக்குப் போகும். டி.வி. பார்த்தால் போகும். பேச்சியம்மாள் எங்கிருந்தாலும் வந்து ஒரே தட்டு.

"சவத்த, கைய எடுங்கன்னு எத்தன தடவ சொல்ல? வெளக்கு வச்ச நேரத்துல எதப் பறிகொடுத்துட்டு இப்படி உக்காந்திருக்கிய?"

"வலிக்குட்டீ."

"வலிச்சா கையப் பிடிங்க. தலையில என்ன இருக்கு?"

அவள் பக்கம் நியாயம் இருந்தது. பக்கத்து வீட்டார் ஏற்கெனவே துக்கம் விசாரிக்கிற குரலில் பேச ஆரம்பித்திருந்தார்கள். தட்டத் தட்ட அவரும் பழகினார். அவள் கண்ணில் படும்போது கை மடியில் இருக்கும். வலி கடித்த பல்லில் இருக்கும்.

எலும்பு டாக்டரின் அறைக்கு மூவரும் போனோம். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "கையை எப்படி வச்சா வலி குறையுது? எப்படி வச்சா கூடுது?"

மந்திரமூர்த்தியின் இடது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. காது உயரம் வரை வந்திருக்கும். பேச்சியம்மாள் டாக்டரைப் பார்த்தபடியே, பார்வையைத் திருப்பாமல், அதைத் தட்டிக் கீழே இறக்கினாள். ஈ ஓட்டுவது மாதிரி இயல்பாக நடந்தது. ஆபரேஷன் பேச வந்த இடத்தில், டாக்டர் முகத்துக்கு எதிரே, தலையில் கை வைக்கலாமா?

"எப்படி வச்சாலும் ஒண்ணுதான் சார்" என்றார் மந்திரமூர்த்தி, மனைவியைப் பார்த்துக்கொண்டே.

டாக்டர் எழுதிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்து மாம்பழம் வாங்கினோம்.

சொம்பைக் கவிழ்க்கிற மாதிரி

இயன்முறை மருத்துவர் ஜெபா, கூடங்குளம் பக்கத்துப் பெண். வயது முப்பதுக்குள். அறை சின்னது என்பதால் கூட ஒருவர் மட்டும் வரலாம் என்றார். "முறுக்குததப் பாக்க எனக்கு ஆவாது, நீ போண்ணே" என்று பேச்சியம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உள்ளே வந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

"ஆபரேஷனுக்கு முன்னால தோள் எவ்வளவு பலமா இருக்குன்னு பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று தொடங்கினார் ஜெபா. "முதுகுக்கு சோப்புப் போடுத மாதிரி ஒரு கைய மேல இருந்து விடுங்க. மத்தத கீழ இருந்து."

தாமிரபரணியில் தினம் குளிக்கிற மனிதர். கை தடையில்லாமல் போனது. மாற்றிப் போடச் சொன்னார். அதுவும் போனது.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. கட்டைவெரலு கீழ பாக்கணும். சொம்புத் தண்ணியக் கவிழ்க்கிற மாதிரி. நான் அமுக்குவேன், விடாதீங்க."

அமுக்கினார். இவர் விடவில்லை.

"இப்ப பக்கவாட்டுல தூக்கி, பைய இறக்குங்க. தொப்புன்னு விடக்கூடாது."

கை, கல்யாண மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவது போல நிதானமாக இறங்கியது. முழங்கையை விலாவில் ஒட்டிவைத்து வெளிப்பக்கம் தள்ளச் சொன்னார், தள்ளினார். பிறகு ஜெபாவே அந்தக் கையைப் பிடித்து மேலும் கீழும் சுற்றிப் பார்த்தார். என்னிடமிருந்த புத்தகப்படி இதில் ஏதாவது ஒன்றிலாவது மந்திரமூர்த்தி அலறியிருக்க வேண்டும். அவரோ, "அயர்வா இருக்கும்மா" என்பதோடு சரி.

ஜெபாவின் நெற்றி சுருங்கியது. சீட்டைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். எதையோ எழுதுவதற்கு மேசைப் பக்கம் திரும்பினார்.

அந்த இடைவெளியில் மந்திரமூர்த்தி கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. கையைத் தூக்கித் தலையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெபா திரும்பினார். "அண்ணாச்சி!"

பீடியோடு பிடிபட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை கீழே விழுந்தது.

"சும்மாதாம்மா… வீட்டுல சொல்லிராதிய."

"எப்பவும் இப்படி வைப்பீங்களா?"

"நிம்மதியா இருக்கு. அவளுக்குப் பிடிக்காது."

"வெரலு மரத்துப் போவுதா?"

"எறும்பு ஓடும். ஸ்டியரிங் பிடிக்கதால வருதுன்னு அவ சொன்னா."

ஜெபா பேனாவை மூடிவைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை தோளைத் தொடவே இல்லை.

அமுக்கு

சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்கை மடிப்பில் தட்டினார். வலது கை துள்ளியது. இடது கை ஞாயிற்றுக்கிழமை அரசாங்க அலுவலகம் மாதிரி இருந்தது. இரண்டு மணிக்கட்டையும் மேலே மடக்கிப் பிடிக்கச் சொல்லி அழுத்தினார். இடது சரிந்தது. பிறகு பின்னால் போய் நின்றுகொண்டார்.

"தலைய இடப்பக்கமாச் சாய்ங்க. கொஞ்சம் அண்ணாந்த மாதிரி. நான் மேல இருந்து லேசா அமுக்குவேன். வலிச்சா ஒடனே சொல்லுங்க."

உச்சந்தலையில் இரண்டு கையையும் வைத்து ஒரு அமுக்கு.

மந்திரமூர்த்தி ஒரு சொல் சொன்னார். குடும்பங்கள் படிக்கும் வார இதழில் அதை அச்சிட முடியாது. முக்கூடல் பேருந்து நிலையத்தில் அடிக்கடி கேட்கலாம்.

"எங்க வலிச்சுது?"

"கட்டைவெரலு வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி இறங்கிட்டும்மா! நீங்க தொட்டது தலைய, வலிச்சது வெரலு. இது என்ன கூத்து?"

ஜெபா தாடைக்குக் கீழ் ஒரு கையும் பின்தலையில் ஒரு கையும் கொடுத்து, தலையை மெல்ல மேலே தூக்கிப் பிடித்தார். சலூனில் வைக்கிற அதே இரண்டு இடம்தான். ஆனால் வெட்டு இல்லை.

"ஆங்… அங்கனயே பிடிச்சுக்கிடுங்கம்மா. இப்படியே முக்கூடல் வரைக்கும் வந்திருங்க."

கழுத்து எலும்புகளுக்கு நடுவிலிருந்து கைக்கு வரும் நரம்பு அங்கே நசுங்கியிருக்க வேண்டும் என்று ஜெபா விளக்கினார். தலையை அமுக்கினால் இன்னும் நசுங்கும். தூக்கினால் விடும். கையைத் தலையில் வைத்தாலும் இழுவை குறைந்து நரம்பு தளரும், துணி காயப்போட்ட கொடிக்கு நடுவில் முட்டுக் கொடுத்தது போல.

"அப்ப ஸ்கேனுல கிழிஞ்சிருக்கது?" என்று நான் கேட்டேன்.

"உங்க தோளையும் ஸ்கேன் எடுத்தா கிழிசல் இருக்கலாம் சார். இந்த வயசுல நெறைய பேருக்கு இருக்கும், வலிக்காது." என் வயதை அவர் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டாம். "ஒரு சோதனைய மட்டும் வச்சு முடிவு கட்டக்கூடாது. நாலஞ்சும் சேந்து ஒரே எடத்தக் காட்டணும். இங்க எல்லாம் கழுத்தத்தான் காட்டுது. ஆபரேஷனுக்கு முன்னால டாக்டர் ஒருக்கா கழுத்தப் பாக்கணும். அக்காவக் கூப்பிடுங்க."

(தலையைச் சாய்த்து அமுக்கும் சோதனைக்கும் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயர் உண்டு. அவர் எந்த ஆண்டில் அதைச் சொன்னார் என்று என் புத்தகத்தில் தேடினேன். அந்தப் பக்கத்தைப் பூச்சி தின்றிருந்தது. ஆண்டு தெரியாமல் பெயரை மட்டும் எழுதுவது எனக்குப் பிடிக்காது.)

யார் தவறினார்கள்?

பேச்சியம்மாள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கணவரைப் பார்த்த பார்வையில் ரப்பர் சுத்தியல் உருகியிருக்கும்.

"அது கெட்ட பழக்கம் டாக்டர். நான் பாத்துப் பாத்து நிப்பாட்டி வச்சிருக்கேன்."

"நிப்பாட்டாதீங்க அக்கா. அதுதான் நோயச் சொல்லுது."

"நாள் குறிச்சாச்சு. வளர்பிறை. இப்பப் போயி வேண்டாம்னா, நல்ல காரியத்தக் கலைக்கக் கூடாதுல்லா?"

"ஆபரேஷன் நல்ல காரியமாட்டீ?" என்றார் மந்திரமூர்த்தி.

"நீங்க சும்மா இரிங்க. எலும்பு டாக்டர் கேட்டப்ப வாயத் தொறக்கல, இப்ப மட்டும் பேச்சு."

"நீ தட்டுனியே!"

ஜெபா இருவருக்கும் நடுவில் நின்று சொன்னார். "அக்கா, நீங்களே அவரு கைய எடுத்துத் தலையில வைங்க. அவரு மொகத்த மட்டும் பாருங்க. உங்களுக்குத் தெரியாத மொகமா?"

பேச்சியம்மாள் தயங்கினாள். புருஷன் தலையில் அவளே கையை எடுத்து வைப்பதா? வாய்க்குள் எதையோ முணுமுணுத்து, தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சூடான பாத்திரத்தைத் தொடுவது போல அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். உச்சியில் வைத்தாள். கையை எடுக்கவில்லை, அதன் மேல் தன் கையையும் வைத்தபடி நின்றாள்.

முதலில் புருவம் இறங்கியது. பிறகு தாடை. மூச்சு நீளமானது. ஜெபா ஏதோ கேட்டார், பதில் இல்லை. மந்திரமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கியிருந்தார். மாதக்கணக்கில் படுக்கையில் புரண்டவர்.

"ஏண்ணே, தூங்குதாவ" என்றாள் பேச்சியம்மாள். "இத்தன நாளா நான் இதையா தட்டிவிட்டேன்?"

அப்போது திறந்திருந்த கதவு வழியே, தரை துடைக்க வந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். தலையில் கையோடு சாய்ந்திருக்கும் ஒருவர். பக்கத்தில் கண் கலங்கி நிற்கும் மனைவி.

"ஐயையோ, யாரு தாயி தவறிட்டாவ?"

பேச்சியம்மாள் திரும்பினாள். "ஒருத்தரும் தவறல. வைத்தியம் நடக்கு. சத்தம் போடாதிய, தூங்குதாவ."

டாக்டரின் அமுக்கு

மறுநாள் எலும்பு டாக்டர் ஜெபாவின் குறிப்பைப் படித்துவிட்டுத் தானே எழுந்து வந்து அமுக்கிப் பார்த்தார். அதே சொல் வந்தது. டாக்டர் மதுரைப் பக்கம் என்பதால் முழு அர்த்தமும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

"எப்படி வச்சா குறையும்னு அன்னிக்கே கேட்டேனே?"

மந்திரமூர்த்தி மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

கழுத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவிலிருந்த வட்டு பிதுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. தோள் ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. "தோள்ல கிழிசல் இருக்கு, இல்லேன்னு சொல்லல. அது பாட்டுக்கு ரொம்ப நாளா சும்மா இருந்திருக்கும். சும்மா இருக்கறத நாம ஏன் எழுப்பணும்?" என்றார் டாக்டர்.

பிறகு சில வாரங்கள் ஜெபாவிடம் பயிற்சி. வண்டி ஓட்டக் கூடாது. படுக்கப் பத்தமடைப் பாய், தலைக்குக் கனமில்லாத தலையணை. சலூன் மளுக்குக்கு நிரந்தரத் தடை. அந்தத் தடை எனக்கும் சேர்த்து விதிக்கப்பட்டது.

வீட்டில் போர் முடியவில்லை, திசை மாறியது. "கைய வைங்க! எங்க, கை எங்க இருக்கு?" என்று பேச்சியம்மாள் அடுக்களையிலிருந்து அதட்டுவாள். ஆறுதல் சொல்ல வந்த பக்கத்து வீட்டாரை உட்காரவைத்து, நரம்பு, கொடி, முட்டு எல்லாவற்றையும் விளக்கி, அவர்கள் தலையையும் சாய்த்து அமுக்கிப் பார்த்தனுப்பினாள். அந்தத் தெருவில் அந்த மாதம் கழுத்துவலி சற்றுக் கூடுதலாக இருந்ததாகக் கேள்வி.

எறும்பு மெல்லக் குறைந்தது. மணிக்கட்டு நிமிர்ந்தது. தேருக்குக் கொடியேறிய வாரத்தில் எலும்பு டாக்டர் பரிசோதித்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டில் தேதி தெளிவாக இருக்கிறது. டீ படாமல் நானே வைத்திருக்கிறேன்.

மறுபடி அந்த வளைவு

திரும்ப வண்டி ஏறிய முதல் நாள் அதே என்ஜின் பக்கத்து இருக்கையில் நான். இலைக்கட்டுப் பெண்மணியும் இருந்தார். செய்தி பரவியிருந்ததால் வண்டி நிறைந்திருந்தது. சிலருக்குத் திருநெல்வேலியில் வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கால்வாய்ப் பாலம் வந்தது. பின்னாலிருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மந்திரமூர்த்தி கியரைக் குறைத்தார். இடது கை கியரை விட்டது. மெல்ல எழும்பியது. இலைக்கட்டுப் பெண்மணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கை காதைத் தாண்டியது, நெற்றியைத் தாண்டியது, மேலே போய்ப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை ஒரு நூல் திருப்பி வைத்துவிட்டு இறங்கிற்று.

வண்டி முழுக்க ஒரே மூச்சு வெளியே வந்தது.

"என்னத்துக்குவே எல்லாரும் என்னையவே பாக்கிய? ரோட்டப் பாக்க நான் இருக்கேன்லா" என்றார் மந்திரமூர்த்தி, கண்ணாடிக்குள்ளிருந்து.

ஜங்ஷனில் இறங்கி நானும் அவரும் காஜாவும் டீ குடித்தோம். இந்தத் தொடருக்காகக் குறித்துக்கொள்ளலாம் என்று கேட்டேன்: அன்றைக்கு அந்த வளைவில் கை தலைக்குப் போனது வலியால் மட்டும்தானே?

"வலிதான் மச்சான். வேற என்ன?" ஒரு வாய் டீ குடித்தார். "பிரேக்கும் அன்னைக்குக் கொஞ்சம் ஆழமா மிதிச்சாத்தான் பிடிச்சுது."

காஜா கிளாசைக் கீழே வைத்தார். "அண்ணே, அத எதுக்கு இப்பச் சொல்லுதிய? முந்துன நாளே மெக்கானிக் பாத்தாச்சுல்லா."

"முந்துன நாளா? மறுநாளுலா பாத்தாரு."

"முந்துன நாளு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அல்லா மேல சத்தியமா."

"மறுநாளுவே. முதலாளி கூப்பிட்ட அன்னைக்கு."

மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தேன். பிரேக் சரி செய்தது உண்மை, நாள் மட்டும் நினைவில்லை என்றார். முந்தின நாள் என்றால், ஒரு வண்டி ஆட்கள் கழுத்து நரம்புக்குப் பயந்து குலதெய்வத்தைக் கூப்பிட்டார்கள். மறுநாள் என்றால், இலைக்கட்டுப் பெண்மணி பயந்தது சரி. நடந்து போன பெரியவர் செய்ததும் சரி. அவரைப் பேட்டையில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அன்று அந்த வளைவில் பிரேக் சரியாக இருந்ததா என்பது, இதை எழுதும் வரையில், உறுதிப்படுத்தப்படாத தகவல்.